இரண்டாவது அறையில் இருந்தவர்: ஹைனெகன் கடத்தலும் அது படமான விதமும்

1983-ஆம் ஆண்டு நவம்பர் 9, மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு. ஆம்ஸ்டர்டாம் நகரின் ஓர் அலுவலக வாசலில் இரண்டு பேரைப் பிடித்து ஒரு வேனுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவர் அந்த அலுவலகத்தின் அதிபர். உலகின் பெரிய பியர் நிறுவனங்களில் ஒன்று அவருடைய குடும்பப் பெயரில் இயங்கியது. மற்றவர் அவருடைய கார் ஓட்டுநர். 21 நாட்கள் இருவரும் ஒரே கொட்டகையில், அடுத்தடுத்த அறைகளில், சங்கிலியில் கிடந்தார்கள்.

கடத்தப்பட்டவர்கள் இருவர். வரலாற்றில் நின்றதோ ஒரு பெயர்தான். இது எப்படி நேர்ந்தது என்பதையும், 2011-இல் வெளிவந்த டச்சு குற்றப்படம் அந்த நிகழ்வை எப்படிக் கையாண்டது என்பதையும் முதலிலிருந்து முடிவு வரை இங்கே பதிவு செய்கிறேன். உண்மைச் சம்பவத்தை வைத்துத் திரைக்கதை எழுத நினைப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதிபரின் பெயர் ஹைனெகன்; படத்தின் தலைப்பிலேயே இருப்பதால் அதை மறைப்பதில் பொருளில்லை. மற்றவர்களை அவரவர் வகித்த பங்கைக் கொண்டே குறிப்பிடுகிறேன். கடத்தியவர்கள் ஐவர். அவர்களில் இருவர் இந்தக் கதை முழுவதும் வருவார்கள். ஒருவரைத் தலைவன் என்றும், அவனுடைய நெருங்கிய நண்பனைத் தோழன் என்றும் வைத்துக்கொள்வோம்.

பின்னணி

பெரும் பணக்காரரைக் கடத்திப் பணம் கேட்பது நெதர்லாந்தில் அப்போது புதிதல்ல. 1977 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமின் நில வணிகர் ஒருவரைத் தெருவிலேயே தூக்கிச் சென்றார்கள். ஐந்து நாட்களுக்குப் பிறகு 1 கோடி கில்டர் (அன்றைய நெதர்லாந்து நாணயம்) கொடுத்து அவரை மீட்டார்கள். செய்தவர்கள் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. 1982 நவம்பரில் உணவகத் தொழில் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த பெண்மணி கடத்தப்பட்டார். மூன்று வாரங்கள் கழித்து, பணம் கைமாறிய பின் வீடு திரும்பினார். பணம் கொடுத்தால் ஆள் திரும்பி வருவார் என்பதும், செய்தவர்கள் தப்பிக்கவும் முடியும் என்பதும் நாட்டுக்கே தெரிந்திருந்தது. ஹைனெகன் கடத்தலைத் திட்டமிட்டவர்கள் இந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்றை அவர்கள் செய்துவிட்டதாகப் பின்னாளில் எழுதப்பட்டதெல்லாம் மிகை.

அவர்களிடம் புதிதாக இருந்தது பொறுமை. நகரத்தின் மேற்குத் துறைமுகப் பகுதியில், ஐவரில் ஒருவன் நடத்திய மரவேலைத் தொழிலின் கொட்டகை இருந்தது. அரைவட்டக் கூரை கொண்ட தகரக் கொட்டகை. அதன் உள்ளே, பின்சுவருக்குச் சில அடிகள் முன்பாக, இன்னொரு சுவரை எழுப்பினார்கள். வெளியிலிருந்து வருபவருக்குக் கொட்டகை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டு சுவர்களுக்கும் நடுவில், ஒலி வெளியே போகாதபடி அறைகள் கட்டப்பட்டன.

அறைகள் இரண்டு. அதிபர் தனியாக நடமாடுகிறவர் அல்லர், கூடவே ஓட்டுநர் இருப்பார் என்பதைக் கணக்கில் கொண்டே கட்டியிருக்க வேண்டும். ஓட்டுநர் இடையில் வந்து மாட்டிக்கொண்டவர் அல்லர் என்று நான் நினைப்பதற்கு அந்த இரண்டாவது அறையே காரணம். திட்டத்தில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பின்னால் கதையாகச் சொல்லும்போதுதான் அவருக்கு இடம் இல்லாமல் போனது.

முதல் இரவும் கேட்கப்பட்ட தொகையும்

ஹைனெகனுக்கு அப்போது வயது 60; பிறந்தநாள் போய் ஐந்து நாட்கள்தான் ஆகியிருந்தன. ஓட்டுநருக்கு 57. வேன் போன திசையைப் பின்தொடர்ந்து யாராலும் கொட்டகை வரை போக முடியவில்லை.

கோரிக்கைக் கடிதம் காவல்துறைக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்த கணக்கைப் பார்த்தால் எழுதியவர்கள் வெறும் முரடர்கள் அல்லர் என்பது தெரியும். நான்கு வகைப் பணம் கேட்டார்கள்: 100 கில்டர் நோட்டுகள், 100 அமெரிக்க டாலர் நோட்டுகள், 500 பிரெஞ்சு பிராங்க் நோட்டுகள், 100 ஜெர்மன் மார்க் நோட்டுகள். ஒவ்வொன்றிலும் 50,000. மொத்தம் 2 லட்சம் நோட்டுகள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3.5 கோடி கில்டர். ஒரு நாட்டின் பணம் மட்டுமென்றால் அதன் வரிசை எண்களைக் குறித்துக்கொண்டு அந்த நாட்டு வங்கிகளை உஷார்ப்படுத்தலாம். நான்கு நாட்டுப் பணம் என்றால் அந்த வேலை நான்கு மடங்கு. தூக்கிச் செல்வதைப் பற்றியும் அவர்கள் யோசித்திருப்பார்கள். ஒரு நோட்டு ஒரு கிராம் என்று வைத்தாலே 200 கிலோ.

கடத்தியவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட குறிப்புப்பெயர் 'கழுகு'. காவல்துறைக்குக் கொடுத்த பெயர் 'முயல்'. எழுதும்போதே யார் வேட்டையாடுகிறார், யார் இரை என்று முடிவு செய்துவிட்டார்கள். பதில்களை நாளிதழின் வரி விளம்பரம் வழியாகச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு பேர் உயிருக்கான பேரம், வீடு வாடகைக்கு, சைக்கிள் விற்பனைக்கு என்ற விளம்பரங்களுக்கு நடுவில் அச்சாகிக்கொண்டிருந்தது.

காவல்துறை எடுத்த முடிவு

கண்டுபிடிக்க முயல்வதா, பணம் கொடுப்பதா என்பதே அந்த மூன்று வாரங்களின் கேள்வி. இரண்டையும் ஒன்றாகவே செய்வது என்று முடிவாயிற்று. காரணம் எளிது. இருவரும் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாது; கடத்தியவர்களில் யாரையாவது தவறான நேரத்தில் பிடித்தால், அறைக்குள் இருப்பவர்களுக்கு உணவு கொண்டுபோக ஆள் இல்லாமல் போகலாம். ஒலி வெளியே வராத அறை காப்பாற்ற வருகிறவனையும் ஏமாற்றும்.

பேச்சுவார்த்தை இழுத்தடித்தது. உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்குச் சான்று கேட்டார்கள். அன்றைய நாளிதழைப் பிடித்தபடி ஹைனெகன் இருக்கும் புகைப்படம் அப்படி வந்ததுதான். பின்னாளில் இந்த வழக்கின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. தாடி வளர்ந்த, களைத்த முகம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்த முகத்தை மட்டும்தான்.

பணத்தை ஒப்படைக்கும் முதல் முயற்சிகள் கைகூடவில்லை. செய்தியாளர்கள் அதிபரின் வீட்டு வாசலிலும் அலுவலகத்தைச் சுற்றியும் காத்திருந்த நாட்கள் அவை. காவல்துறையின் எந்த வாகனம் அசைந்தாலும் பின்னால் நான்கு கார்கள் வரும் நிலையில் ரகசியமாகப் பணம் கொண்டுபோவது எப்படி?

பணம் கைமாறிய இரவு

நவம்பர் 28 அன்று ஒப்படைப்பு நடந்தது. வண்டியை ஓட்டிச் சென்றவர் ஒரு காவல் அதிகாரி; தனியாகத்தான் போக வேண்டும் என்பது நிபந்தனை. ஓர் இடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்துக்கு அனுப்பும். அங்கே இன்னொரு குறிப்பு. வழியில் வண்டி மாற்றம், கையடக்க வானொலிக் கருவியில் கட்டளைகள். கடைசியாக உட்ரெக்ட் நகருக்கு அருகே, ஏ12 நெடுஞ்சாலையைக் கடக்கும் மேம்பாலத்தில் நிறுத்தச் சொன்னார்கள். பணம் இருந்த ஐந்து பைகளையும் பாலத்தின் ஓரத்திலிருந்த மழைநீர் வடிகால் சரிவில் போடச் சொன்னார்கள். பைகள் சறுக்கிக்கொண்டு கீழே போயின. கீழே ஆட்கள் காத்திருந்தார்கள். மேலே இருக்கும் அதிகாரி பாலத்தைச் சுற்றிக்கொண்டு கீழே வருவதற்குள் அவர்கள் போய்விடலாம்.

திட்டமாகப் பார்த்தால் நேர்த்தியானது. ஆனால் இந்த நேர்த்தி பணத்தோடு முடிந்துவிட்டது. பணத்தை எடுத்தவர்கள் சைஸ்ட் ஊருக்கு அருகே காட்டில் பீப்பாய்களில் புதைத்தார்கள். இருவரையும் விடுவிக்க வேண்டியவர்கள் விடுவிக்கவில்லை. 28 போயிற்று, 29 போயிற்று. படங்கள் இந்த இரண்டு நாட்களை வேகமாகக் கடந்துவிடுகின்றன. எனக்கோ இந்த வழக்கின் மிகக் கொடிய பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. பணம் கொடுத்தாயிற்று, கொட்டகையில் எதுவும் மாறவில்லை. அறைக்குள் இருந்தவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

போலிச் சுவர்

காவல்துறைக்கு அதற்கு முன்பே பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து துப்பு வந்திருந்தது. அதில் சொல்லப்பட்டவர்களையும் கொட்டகையையும் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். பணம் போன பிறகும் ஆட்கள் திரும்பாததால் நவம்பர் 30 அதிகாலையில் உள்ளே நுழைந்தார்கள்.

முதல் பார்வைக்குக் கொட்டகை வெறுமையாகத்தான் இருந்தது. அளவு ஒத்துவரவில்லை என்பதைக் கவனித்துச் சுவரைத் தட்டித் தேடிய பிறகே மறைகதவு கண்ணில் பட்டது. இருவரும் உயிரோடு இருந்தார்கள். துப்பு வராமல் இருந்திருந்தால் என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை.

ஐவரில் இருவர் உடனடியாகப் பிடிபட்டார்கள். டிசம்பர் தொடக்கத்தில் சைஸ்ட் காட்டில் நடந்து போனவர்கள் கண்ணில் நோட்டுகள் பட, பெரும்பகுதி மீட்கப்பட்டது. ஏறத்தாழ 80 லட்சம் கில்டர் மட்டும் கிடைக்கவே இல்லை. மூன்றாமவன் டிசம்பர் இறுதியில் தானே வந்து சரணடைந்தான். 1985 தொடக்கத்தில் மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிப் பராகுவேக்குப் போனான். அவன் அங்கே இருப்பது தெரியவந்தது 1990-களில்தான்.

1895-ஆம் ஆண்டு ஒப்பந்தம்

தலைவனும் தோழனும் பாரிஸுக்கு ஓடியிருந்தார்கள். 1984 பிப்ரவரி 29 அன்று அங்கே பிடிபட்டார்கள். கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின.

நெதர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1895-இல் எழுதப்பட்டது. ஒப்படைக்கத்தக்க குற்றங்களின் பட்டியல் அதில் உண்டு. பணத்துக்காக ஆட்களைப் பிணையாக வைப்பது என்பது அந்தப் பட்டியலில் இல்லை. குதிரை வண்டிக் காலத்தில் எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை. ஆகவே இருவரையும் அனுப்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சிறையில் வைத்தார்கள், பிறகு விடுதியில் காவலில் வைத்தார்கள், 1986-இல் கரீபியன் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான தீவுகளுக்கு அனுப்பினார்கள். அங்கே உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள். தீவு தீவாக மாற்றிவிட்டு மீண்டும் பிரான்ஸுக்கே கொண்டுவந்தார்கள். 1986 அக்டோபர் 31 அன்றுதான் நெதர்லாந்திடம் ஒப்படைத்தார்கள். 1987 பிப்ரவரியில் இருவருக்கும் 11 ஆண்டு தண்டனை. 1992-இல் வெளியே வந்துவிட்டார்கள்.

இந்த இழுபறிக்கு எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. கொட்டகையில் இருந்த 21 நாட்களைவிட, பிரான்ஸில் கழிந்த இரண்டரை ஆண்டுகளில்தான் இருவரும் செய்தித்தாள்களின் பாத்திரங்களாக மாறினார்கள். கடத்தல்காரர்களுக்கு முகமும் பேச்சும் குறும்பும் வந்தன. பட்டியலில் ஒரு வரி விடுபட்டதால் கிடைத்த புகழ் இது.

முதலில் கதை சொன்னது யார்

1987-இல் இந்தக் கடத்தலைப் பற்றிய முதல் பெரிய புத்தகம் வந்தது. எழுதியவர் குற்றச் செய்தியாளர் பீட்டர் ஆர். டி ஃபிரீஸ். விவரங்கள் செறிந்த புத்தகம், பெருவிற்பனையும் கண்டது. ஆனால் அது தலைவனின் பார்வையில், அவன் சொல்லக் கேட்டு எழுதியது. கொட்டகை எப்படிக் கட்டப்பட்டது, வண்டிகள் எப்படி மாற்றப்பட்டன, பாலத்தின் வடிகால் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதெல்லாம் நமக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிவது அதனால்தான்.

செய்தியாளரை இதில் குறை சொல்வதற்கில்லை. பேச முன்வந்தவன் அவன். கடத்தப்பட்ட அதிபர் விவரமாகப் பேச விரும்பாதவர். அவரைப் பற்றி உலவும் ஒரு நகைச்சுவை உண்டு: 'என்னைச் சித்திரவதை செய்தார்கள், வேறு நிறுவனத்தின் பியரைக் குடிக்க வைத்தார்கள்' என்று சொன்னாராம். உண்மையில் சொன்னாரோ இல்லையோ, அவர் பெயரில் நின்றுபோன பேச்சு இந்த ஒன்றுதான். ஓட்டுநரின் பெயரில் அப்படி ஒரு நகைச்சுவைகூட இல்லை.

இதன் விளைவைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். ஒரு நிகழ்வை முதலில் முழுமையாகச் சொல்பவர் எந்த இடத்தில் நின்று பார்த்தாரோ, பின்னால் வருபவர்களும் தெரிந்தோ தெரியாமலோ அங்கேயே போய் நிற்கிறார்கள். திரைக்கதை எழுதுபவருக்குக் காட்சிகள் வேண்டும். காட்சிகள் இருக்கும் இடம் குற்றவாளியின் வாக்குமூலம். ஆண்டனி ஹாப்கின்ஸ் ஹைனெகனாக நடித்து 2015-இல் ஆங்கிலத்தில் வந்த படம் இந்தப் புத்தகத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதில் நாம் பெரும்பாலும் கடத்தியவர்களோடுதான் இருக்கிறோம்.

2011 படம்: எடுக்கப்பட்ட முடிவுகள்

டச்சுப் படம் வேறு வழியை முயன்றது. மார்ட்டன் ட்ரூர்நீட் இயக்கிய அந்தப் படம் 2011 அக்டோபர் இறுதியில் வெளியானது. ஹைனெகனாக நடித்தவர் ருட்கர் ஹவர். ஹாலிவுட்டில் புகழ்பெற்ற டச்சு நடிகர், அப்போது 67 வயது. அவரைத் தேர்ந்தெடுத்ததே ஒரு நிலைப்பாடு என்பேன். நிமிர்ந்து நிற்கும் அந்த உடலைச் சங்கிலியில் பார்க்கும்போது பார்வையாளரின் மனம் கடத்தியவர்கள் பக்கம் எளிதாகச் சாயாது.

இரண்டாவது முடிவு, பெயர்கள். கடத்தியவர்களில் சிலருக்கு உண்மைப் பெயர், அல்லது அதன் சாயல். மையப் பாத்திரத்துக்கு மட்டும் கற்பனைப் பெயர்: ரெம். சட்டென்று கோபம் பொங்கும் இளைஞன். அவனுடைய தந்தை ஹைனெகன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், குடிக்கு அடிமையானவர். தோழனின் உண்மை வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது யாரென்று உடனே விளங்கும். அவனுடைய தந்தையும் அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர், குடித்துவிட்டு வந்து வீட்டை நடுங்க வைத்தவர்.

இந்த முடிவின் நோக்கம் புரிகிறது. வெறும் பணத்துக்காகச் செய்தார்கள் என்றால் நாடகம் நிற்காது. தந்தையைக் குடிக்க வைத்த பியரின் முதலாளியை மகன் சங்கிலியில் கட்டுகிறான் என்றால், ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் அடிச்சரடு கிடைத்துவிடுகிறது. திரைக்கதைக் கலையாக இது பலித்தது. ரெம்மாக நடித்த இளம் நடிகர் 2012-இல் டச்சுத் திரையுலகின் தங்கக் கன்று விருதைப் பெற்றார். ஆனால் என் கருத்தில், வழக்கின் உண்மையை இது சற்று வளைத்தும்விட்டது. நான்கு வகைப் பணத்தில் 50,000 நோட்டுகள் என்று கணக்குப் போட்டவர்களைப் பழிவாங்கும் வெறி நடத்தியதாக நம்புவது கடினம். ஆறாத காயம் இருந்திருக்கலாம். கொட்டகையைக் கட்டியது கணக்கு.

மூன்றாவது முடிவு, மீட்புடன் படத்தை முடிக்காதது. பின்பகுதி பிரான்ஸுக்கும் ஒப்படைப்பு இழுபறிக்கும் போகிறது. மீண்டு வந்த அதிபருக்குள் குடியேறும் அச்சமும் ஆத்திரமும் கதையாகின்றன. கடத்தல் படங்களில் கதவு திறந்ததும் வெளிச்சம் வரும், குடும்பம் கட்டிப்பிடிக்கும், பெயர்கள் ஓடும். இங்கே அப்படி இல்லை. மூன்று முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஓட்டுநர்? இருக்கிறார். கடத்தப்படும்போது இருக்கிறார், அடுத்த அறையில் இருக்கிறார், மீட்கப்படும்போது இருக்கிறார். அவருக்கென்று ஒரு காட்சி எனக்கு நினைவில் நிற்கவில்லை.

நீதிமன்றத்தில்

படம் வெளிவரும் முன்பே தோழன் வழக்குத் தொடுத்தான். அப்போது அவன் வேறொரு குற்றத்துக்காக, மிரட்டிப் பணம் பறித்ததற்காக, சிறையில் இருந்தான். ரெம் என்ற பாத்திரம் தன்னைத்தான் குறிக்கிறது, தன் பெயரைக் கெடுக்கிறது, ஆகவே படத்தைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கையின் சாரம். ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது. படம் குறித்த நாளில் திரைக்கு வந்தது.

தீர்ப்பு சரியே. ஆனால் பாதிப் பெயரை மாற்றும் உத்தியின் சிக்கலை இந்த வழக்கு வெளிச்சமிட்டுவிட்டது. பெயரை மாற்றியதால் பாத்திரம் கற்பனை என்று சொல்லிக்கொள்ளலாம். யாரென்று எல்லோருக்கும் தெரிவதால் உண்மைக் கதையின் கவர்ச்சியும் குறையாது. இரண்டு ஆதாயத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்போது, 'நான் இதைச் செய்யவில்லை' என்று சொல்லும் வாய்ப்பைக் குற்றவாளிக்கே கொடுத்துவிடுகிறோம். வழக்குச் செய்திகளில் பல நாட்கள் பேசப்பட்டது கடத்தியவனின் மானம். கடத்தப்பட்டவர்களின் மானத்தைப் பற்றி வழக்குப் போட யாரும் இல்லை. ஹைனெகன் 2002 ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

பிறகு நடந்தவை

தலைவன் 2003 ஜனவரியில் ஆம்ஸ்டெல்வேன் நகரில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டான். படம் எடுக்கப்பட்டபோது அந்தக் கொலையை ஏவியது யார் என்று ஊரில் பேச்சு இருந்தது; தீர்ப்பு இல்லை. பின்னர் தோழனின் சொந்தத் தங்கைகளே அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தலைவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்றவர். அண்ணனோடு பேசியவற்றை ரகசியமாகப் பதிவு செய்து நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். 2019 ஜூலையில், தலைவனின் கொலை உட்பட ஐந்து கொலைகளை ஏவியதற்காகத் தோழனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2022-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது.

தலைவன் சொல்லக் கேட்டு முதல் புத்தகத்தை எழுதிய செய்தியாளரை 2021 ஜூலை 6 அன்று ஆம்ஸ்டர்டாம் தெருவில் சுட்டார்கள். ஒன்பது நாட்களில் இறந்தார். அது வேறொரு குற்றக் கும்பலின் வழக்கோடு தொடர்புடையது. ஹைனெகன் கடத்தலுக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது தவறு. போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் அறிந்த பிறகு 2011 படத்தைத் திரும்பப் பார்த்தால், ரெம்மின் காயம்பட்ட இளமை வேறு மாதிரித் தெரிகிறது. 2011-இல் அவன் வழிதவறிய மகன். 2019-க்குப் பிறகு அவன் ஒரு நீண்ட பட்டியலின் முதல் வரி. இதற்கு எழுதியவர்கள் பொறுப்பல்லர். உண்மைக் கதை படம் முடிந்த பிறகும் நடந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

மாற்றிச் செய்யக்கூடியவை

காவல்துறையின் பக்கத்தில் நான் சொல்ல அதிகமில்லை. பணம் கொடுத்தது சரியா என்ற விவாதத்துக்கு நான்கு ஆண்டுகளில் இன்னொரு வழக்கு வந்தது. 1987 செப்டம்பரில் பேரங்காடிக் குடும்பத்து நிர்வாகி ஒருவரைக் கடத்தியவன், அன்றே அவரைக் கொன்றுவிட்டு, மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதுபோல் நடித்துப் பேரம் பேசினான். கொடுத்த நோட்டுகளில் ஒன்றைக் கடையில் மாற்றியபோது வரிசை எண் அவனைக் காட்டிக்கொடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்தால், உயிரோடு இருப்பதற்கான சான்றை 1983-இல் விடாமல் கேட்டது எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

ஒப்படைப்பு ஒப்பந்தம் பற்றிய பகுதி எந்தப் படத்திலும் சரியாக வரவில்லை. சட்டப் பட்டியல் திரையில் சலிப்பூட்டும் என்ற பயம் காரணமாக இருக்கலாம். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. பிடிபட்ட இருவரை எந்த நாடும் வைத்துக்கொள்ள விரும்பாமல், விடவும் முடியாமல், தீவு தீவாகக் கொண்டு அலைவது தனிப் படத்துக்கே போதுமான கதை.

பெயரைப் பொறுத்தவரை, ஒன்று எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்க வேண்டும், அல்லது ஒன்றையும் மாற்றாமல், எது ஆவணம், எது கற்பனை என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும். முதலாவதைச் செய்தால் படத்தின் தலைப்பை விட்டுக்கொடுக்க நேரிடும். வணிகம் அதற்கு ஒப்பாது. இரண்டாவதைச் செய்திருக்கலாம்.

கடைசியாக ஓட்டுநர். நான் எழுதுவதாக இருந்தால் கொட்டகைக் காட்சிகளை இரண்டாவது அறையிலிருந்து எழுதுவேன். அங்கே இருப்பவரிடம் பேரம் பேச எதுவும் இல்லை. அவருக்கென்று தனியாக யாரும் விலை கேட்கவில்லை. அடுத்த அறையில் இருப்பவரின் விலையோடு அவர் சேர்த்துக் கணக்கிடப்பட்டவர். முதலாளி உயிரோடு இருக்கும்வரை தானும் இருப்போம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். முதலாளி விடுவிக்கப்பட்டால் தன்னையும் விடுவார்களா என்பது தெரிந்திருக்காது. ஒலி புகாத சுவர் என்பதால் அடுத்த அறையில் இருமல் கேட்கிறதா என்று காதை வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. கதவு திறக்கும்போது கொண்டுவரும் உணவு இரண்டு பேருக்கானதா என்று பார்ப்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே வழி. நவம்பர் 28-க்கும் 30-க்கும் இடைப்பட்ட நேரத்தை அங்கிருந்து எழுதலாம்.